பொது இடங்களில் புகைத் தடை: உங்கள் ஊரின் கருத்தை முறையாகக் கேட்டறிவது எப்படி

பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுக்க வேண்டுமா என்று கேட்டால் "கட்டாயம் தடுக்க வேண்டும்" என்று சொல்லும் பலர், பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பீடியைப் பற்றவைக்கும்போது ஒன்றும் சொல்லாமல் இரண்டடி தள்ளி நின்றுகொள்கிறார்கள். இந்த இரண்டுமே மக்களின் கருத்துதான். முதலாவதை மட்டும் எண்ணி, "இத்தனை சதவீதத்தினர் ஆதரவு" என்று அறிவிக்கும் கணிப்பினால் யாருக்கும் பயன் இல்லை. அந்த ஆதரவு எந்த இடத்தில் உறுதியாக நிற்கிறது, எந்த இடத்தில் தயங்குகிறது, தயக்கத்துக்குக் காரணம் என்ன என்பவற்றை வெளிக்கொண்டுவருவதே செய்யத் தக்க பணி. குடியிருப்போர் நலச் சங்கங்கள், கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அணிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் ஆகியோர் பெரிய செலவின்றித் தங்கள் ஊரிலேயே இப்பணியைச் செய்வதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்

இந்தியாவில் பொது இடங்களில் புகை பிடிப்பது ஏற்கெனவே குற்றம். கேரள உயர் நீதிமன்றம் 1999ஆம் ஆண்டிலேயே அதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. 2001 நவம்பர் 2 அன்று முரளி தேவ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள், பொதுப் போக்குவரத்து ஆகியவற்றில் புகை பிடிப்பதைத் தடுக்குமாறு உத்தரவிட்டது. தமிழ்நாடு 2002இல் புகை பிடித்தலுக்கும் எச்சில் துப்புதலுக்கும் எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. அதன்பின் 2003ஆம் ஆண்டின் மத்தியப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் 4ஆம் பிரிவு பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடை செய்கிறது. 21ஆம் பிரிவு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பணியிடங்கள், வணிக வளாகங்கள், திரையரங்குகள் ஆகியவற்றையும் பொது இடம் என்பதற்குள் தெளிவாகக் கொண்டுவந்தன.

ஆகவே "தடை கொண்டுவரலாமா?" என்று கேட்பது, இருபது ஆண்டுகளுக்கு முன்பே முடிவான ஒன்றை மறுபடி கேட்பதாகும். இருக்கும் தடையை மக்கள் அறிந்திருக்கிறார்களா, எந்தெந்த இடங்களில் அதை நியாயமாகக் கருதுகிறார்கள், அது மீறப்படுவதைக் கண்டால் என்ன செய்கிறார்கள் என்பவையே இன்றைய கேள்விகள்.

கணக்கெடுப்பில் ஈடுபடும் ஒவ்வொருவரும் மூன்று நுணுக்கங்களை அறிந்திருக்க வேண்டும். முதலாவதாக, திறந்தவெளியைச் சட்டம் பொது இடம் என்று கொள்வதில்லை. ஆனால் பேருந்து நிறுத்தம், இரயில் நிலையம், விளையாட்டரங்கம், திறந்தவெளி அரங்கம் போன்று மக்கள் கூடும் இடங்கள் அந்த விலக்கில் சேரா என்று விதிகள் கூறுகின்றன. தெருவில் தனியாக நடந்தபடி புகைப்பவரும் பேருந்து நிறுத்தத்தின் நிழலில் நின்று புகைப்பவரும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. இரண்டாவதாக, 30 அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் உள்ள விடுதி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவை மட்டுமே புகை பிடிப்போருக்கெனத் தனி இடம் ஒதுக்கலாம். மூன்றாவதாக, உணவகம் என்பதில் அதைச் சுற்றியுள்ள திறந்த இடமும், மது அருந்தும் பார்களும் அடங்கும். பொது இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றை வைத்துக் கொடுப்பதும் விதிமீறலே. நம் தேநீர்க் கடைகளின் முகப்பில் கயிற்றில் தொங்கும் லைட்டரை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால், தடையின் மெய்யான போர்க்களம் எது என்பது விளங்கும்.

கேள்விகளை அமைத்தல்

மொத்தமாக "பொது இடம்" என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒருவர் மருத்துவமனையை நினைப்பார், மற்றொருவர் கடற்கரையை நினைப்பார். இருவர் சொல்லும் "ஆம்" என்ற விடையையும் ஒன்றாகக் கூட்ட முடியாது. இடத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: பேருந்து நிறுத்தம், தேநீர்க் கடை, முடிதிருத்தும் கடை, திருமண மண்டபம், கோயில் திருவிழாப் பந்தல், வேலை செய்யும் இடம், அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி, டாஸ்மாக் கடையை ஒட்டிய பார். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே நான்கு விடைகளைக் கொடுங்கள்: "புகை பிடிக்கவே கூடாது", "தனி இடம் ஒதுக்கி அங்கே மட்டும் பிடிக்கலாம்", "எங்கும் பிடிக்கலாம்", "கருத்து இல்லை".

நடுவில் உள்ள "தனி இடம்" என்ற விடை மிகவும் கவனிக்கத் தக்கது. அதை நீக்கிவிட்டுக் கேட்டால் முழுத் தடைக்கு ஆதரவு கூடுதலாகத் தெரியும். சேர்த்துக் கேட்டால் குறையும். இங்கிலாந்தில் இந்த நடுவழியைச் சுற்றியே பெரும் விவாதம் நடந்தது. 2005இல் அரசு கொண்டுவந்த சுகாதார மசோதா, உணவு பரிமாறாத மதுக்கூடங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 2006 பிப்ரவரி 14 அன்று நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களித்து, 384க்கு 184 என்ற கணக்கில் முழுத் தடையைத் தேர்ந்தெடுத்தனர். 2007 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அறையைப் பிரிப்பதாலும், காற்றோட்டக் கருவிகளாலும், காற்றைத் தூய்மைப்படுத்தும் கருவிகளாலும் பிறர் விடும் புகையை முழுமையாக நீக்க முடியாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 2006ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. இது நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் கணக்கெடுப்பின் நடுவே இதை மக்களிடம் சொல்லிவிட்டு விடை கேட்டால், பதிவாவது உங்கள் கருத்தாகத்தான் இருக்கும்.

வினா எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்பதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். "பச்சிளங் குழந்தைகளை நச்சுப் புகையிலிருந்து காக்கப் பேருந்து நிறுத்தங்களில் புகை பிடிப்பதைத் தடுக்க வேண்டுமா?" என்று கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். "உழைத்துக் களைத்தவர் ஒரு பீடி பிடிப்பதற்கும் அபராதம் போட வேண்டுமா?" என்று கேட்டால் அதே மனிதர்கள் வேண்டாம் என்பார்கள். "பேருந்து நிறுத்தத்தில் புகை பிடிப்பது பற்றி உங்கள் கருத்து இவற்றில் எது?" என்று கேட்டு, நான்கு விடைகளையும் ஒரே குரலில் படித்துக் காட்டுவதே போதுமானது. "புகை பிடிப்பதையும் எச்சில் துப்புவதையும் தடுக்க வேண்டுமா?" என்று இரண்டு செயல்களை ஒரே வினாவில் கட்டாதீர்கள். ஒன்றுக்கு ஆம், மற்றொன்றுக்கு இல்லை என்பவர் எதைச் சொல்வார்?

விற்பனைத் தடையோடு குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். குட்கா விற்பனைத் தடை, மதுவிலக்கு ஆகியவற்றைப் பற்றியே கேட்டுப் பழகியவர்கள், புகைத் தடை என்றதும் பீடி, சிகரெட் விற்பனையை நிறுத்தப் போகிறார்கள் என்று எண்ணக்கூடும். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் மாவட்டங்களில் பீடி சுற்றி வாழும் பெண்கள் மிகப் பலர். அவர்களிடம் தெளிவில்லாமல் கேட்டால், வரும் விடை தங்கள் கூலியைப் பற்றிய அச்சத்தின் விடையாகவே இருக்கும். "விற்பனையைப் பற்றியதன்று, எந்த இடத்தில் புகைப்பது என்பதைப் பற்றியது" என்று தொடக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள். அந்த வரி எல்லா ஊர்களிலும் வேண்டும். அந்த மாவட்டங்களில் அதைச் சொல்லாமல் விடுவது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி.

கேள்விகளின் வரிசையும் விடையை மாற்றும். முதலில் இடவாரியான கருத்து. அடுத்து அனுபவம்: "கடந்த 30 நாட்களில் இவற்றுள் எந்த இடத்திலாவது உங்கள் அருகில் யாரேனும் புகை பிடித்தார்களா? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" அதன்பிறகே சட்ட அறிவு: "இந்த இடங்களில் புகை பிடிப்பதைப் பற்றிச் சட்டம் ஏதும் இருப்பதாக அறிவீர்களா? அபராதம் எவ்வளவு?" சட்டத்தைப் பற்றி முதலிலேயே கேட்டுவிட்டால், அதை அறியாதவரும் அறிந்துகொண்டு, சட்டத்துக்கு இசைவாகவே கருத்துச் சொல்லத் தொடங்குவார். அபராதத்தின் அளவு போதுமா என்பதையும் கேட்கலாம். கர்நாடகம் 2025இல் பொது இடத்தில் புகை பிடிப்பதற்கான அபராதத்தை 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தியிருப்பதால், நம் ஊரிலும் அது பேசப்பட வேண்டிய பொருளாகிவிட்டது. விடை தருபவர் புகை பிடிப்பவரா என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். அதை முதலில் கேட்டால், மீதி நேரம் முழுவதும் அவர் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையிலேயே பேசுவார்.

வினாத்தாளை அச்சிடுவதற்கு முன் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த வினாவுக்கு "என்ன கேட்கிறீர்கள்?" என்ற மறுகேள்வி வருகிறதோ அதைத் திருத்துங்கள்.

யாரைக் கேட்பது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே நீரில் வெந்ததால் செல்லும். ஊர் அப்படி வேகவில்லை. தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டால் பெரும்பாலும் ஆண்களின் கருத்தும், மருத்துவமனை வாசலில் கேட்டால் நோயாளிகளின் குடும்பத்தார் கருத்தும், கைப்பேசியில் இணைப்பை அனுப்பிக் கேட்டால் ஏற்கெனவே இதில் அக்கறை கொண்டவர்களின் கருத்தும்தான் கிடைக்கும். 2016-17ஆம் ஆண்டின் உலக வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 சதவீதத்தினரும் பெண்களில் 2 சதவீதத்தினரும் புகை பிடிக்கின்றனர். தெருவில் மட்டும் கேட்டால் இந்த வேறுபாடே உங்கள் முடிவைத் திரித்துவிடும்.

வீடுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் தேர்ந்தெடுப்பதே எளிய வழி. ஊரில் 4,000 வீடுகள் இருந்து, 400 பேரைக் கேட்பது என்று முடிவு செய்தால், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து அந்த வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு பத்தாவது வீட்டுக்கும் செல்லுங்கள். கதவைத் திறந்தவரிடமே கேட்டுவிடாமல், அந்த வீட்டில் 18 வயது நிரம்பியவர்களில் யாருடைய பிறந்த நாள் மிக அண்மையில் கழிந்ததோ அவரைக் கேளுங்கள். முதியவர்கள் பலருக்குப் பிறந்த நாள் தெரியாத ஊர்களில் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிக்கொள்ளலாம். அவர் வேலைக்குப் போயிருந்தால் வேறு நேரத்தில் மீண்டும் செல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு நிரப்பாதீர்கள். பகலில் வீட்டில் இல்லாதவர்களில் புகை பிடிக்கும் ஆண்கள் அதிகம் இருப்பார்கள்.

இவ்வாறு 400 பேரைக் கேட்டால் கிடைக்கும் சதவீதத்தில் ஏறத்தாழ 5 புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கலாம். 100 பேர் என்றால் 10 புள்ளிகள். 1,000 பேர் என்றால் 3 புள்ளிகள். ஆனால் அந்த 400 பேரில் புகை பிடிப்போர் நாற்பதைச் சுற்றித்தான் இருப்பார்கள், ஏனெனில் மேற்சொன்ன கணக்கெடுப்பில் நாட்டின் வயது வந்தோரில் புகை பிடிப்போர் 10.7 சதவீதம். நாற்பது பேரை வைத்து "புகை பிடிப்போரில் இத்தனை சதவீதம்" என்று சொன்னால் பிழை 15 புள்ளிகளைத் தொடும். அவர்களின் கருத்தைத் தனியாக அறிய விரும்பினால் கூடுதலாகப் புகை பிடிப்போரைத் தேடிக் கேட்டு, கூட்டும்போது ஊரில் அவர்கள் இருக்கும் விகிதத்துக்கு ஏற்ற எடையைக் கொடுக்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். புகை பிடிப்போர் 200 பேரில் 50 சதவீதமும், பிடிக்காதோர் 200 பேரில் 90 சதவீதமும் ஆதரவு என்றால், நேராகக் கூட்டி வகுத்தால் 70 வரும். ஊரில் புகை பிடிப்போர் 10.7 சதவீதமே என்று எடையிட்டால் சரியான விடை 85.7. இந்த ஒரு படியைத் தவறவிட்டால் முழு உழைப்பும் வீணாகிவிடும்.

வீடுகளில் கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. தேநீர் ஆற்றுபவர், குவளை கழுவுபவர், பேருந்து நிலையத்தைத் துப்புரவு செய்பவர், நடத்துநர், பார் ஊழியர் ஆகியோரைத் தனியே சந்தித்துக் கேளுங்கள். வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். இவர்கள் காலை முதல் இரவு வரை அந்தப் புகையிலேயே நின்று உழைப்பவர்கள், விலகி நிற்க அவர்களுக்கு இடமும் இல்லை, "இங்கே பிடிக்காதீர்கள்" என்று சொல்லும் துணிவுக்குக் கூலியும் போகக்கூடும். அயர்லாந்து 2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட எல்லா மூடிய பணியிடங்களிலும் புகை பிடிப்பதைத் தடை செய்த முதல் நாடாக ஆனபோது, தொழிலாளர் பாதுகாப்பு என்பதையே அச்சட்டத்தின் அடித்தளமாக முன்வைத்தது. நம்மிடையே நடக்கும் பேச்சில் தொழிலாளரின் குரல் அரிதாகவே கேட்கிறது. இந்தியாவில் 2009-10இல் மூடிய பணியிடங்களில் வேலை செய்வோரில் 29.9 சதவீதத்தினர் பிறர் விடும் புகைக்கு ஆளாகினர். 2016-17இல் அது 30.2 சதவீதம். அதே காலத்தில் வீடுகளில் 52.3இலிருந்து 38.7 ஆகக் குறைந்திருக்கிறது. வீட்டில் வந்த மாற்றம் பணியிடத்தில் ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே உழைப்பவர்களே விடை சொல்ல முடியும்.

கேட்கும் முறை

பெயர், தொலைபேசி எண் எதையும் எழுதாதீர்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், விருப்பமில்லையென்றால் மறுக்கலாம் என்பவற்றை முதலில் சொல்லுங்கள். புகையிலை எதிர்ப்பு வாசகம் எழுதிய சட்டையோ பட்டையோ அணிந்து செல்ல வேண்டாம். கணவரின் முன்னிலையில் மனைவியையும், முதலாளியின் முன்னிலையில் தொழிலாளியையும் கேட்பதால் பயனில்லை. பெண்களைப் பெண்களே கேட்பது நல்லது. புகை பிடிப்பதாகச் சொல்பவருக்கு அறிவுரை சொல்லத் தொடங்கினால் அடுத்த வீட்டில் உண்மை கிடைக்காது. அவராகவே விடுவதற்கு வழி கேட்டால் மட்டும், கணக்கெடுப்பு முடிந்தபின், 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணைத் தாருங்கள்.

சொல்லும் விடைகளோடு கண்ணால் காண்பதையும் பதிவு செய்யுங்கள். அதே வாரத்தில் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரங்களில் இருவர் சென்று, ஒவ்வோர் இடத்திலும் புகைத்துக்கொண்டிருப்போர் எத்தனை பேர், தரையில் பீடித் துண்டுகள் கிடக்கின்றனவா, லைட்டர் தொங்குகிறதா, அறிவிப்புப் பலகை இருக்கிறதா என்று குறிக்கலாம். பலகை குறைந்தது 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில், இங்கு புகை பிடிப்பது குற்றம் என்ற எச்சரிக்கையோடு நுழைவாயிலில் இருக்க வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்ற பெயரும் பார்வையில் படும்படி இருக்க வேண்டும் என்பது விதி. யாரையும் படம் எடுக்கக் கூடாது.

விடைகளைப் படித்தலும் வெளியிடுதலும்

ஒரு நாளின் கருத்தை என்றென்றைக்குமான கருத்தாகக் கொள்ளாதீர்கள். தடைக்கு முன் அயர்லாந்தில் புகை பிடிப்போரில் 13 சதவீதத்தினரே மதுக்கூடங்களில் முழுத் தடையை ஆதரித்தனர். தடை வந்த பிறகு அதே நாட்டுப் புகை பிடிப்போரிடம் நடத்திய ஆய்வில் அது 46 சதவீதமாக உயர்ந்தது, உணவகங்களைப் பொறுத்தவரை 45இலிருந்து 77 ஆனது. புகையில்லாத அறையில் அமர்ந்து பார்த்த பிறகு மனிதர்கள் மனம் மாறுகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எனவே உங்கள் ஊரின் தேநீர்க் கடைகளில் தடைக்கு ஆதரவு குறைவாக இருந்தால் அதை மறைக்காதீர்கள், மனம் தளரவும் வேண்டாம். கடைக்காரர்களோடு பேசி லைட்டரை அகற்றச் செய்து, பலகை வைத்து, ஆறு மாதம் கழித்து அதே வினாக்களை அதே முறையில் மீண்டும் கேளுங்கள்.

ஆதரவின் அளவையும், "அருகில் புகைத்தபோது ஒன்றும் சொல்லவில்லை" என்றவர்களின் அளவையும் அருகருகே வெளியிடுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால், மக்களுக்குக் கருத்து இருக்கிறது, துணை இல்லை என்று பொருள். அந்தத் துணையைத் தர வேண்டியவர்கள் கடை உரிமையாளர், நிலைய மேலாளர், அபராதம் விதிக்க அதிகாரம் பெற்ற அலுவலர் ஆகியோர். பயணி ஒருவர் முன்பின் தெரியாத மனிதரோடு சண்டைக்கு நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

ஊராட்சியாக இருந்தால் அக்டோபர் 2 கிராம சபையில் இதை வைக்கலாம்; 2008 விதிகள் நடைமுறைக்கு வந்ததும் அதே நாளில்தான். நகரமாக இருந்தால் பகுதி சபையும், மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவும் உள்ளன. அறிக்கை இரண்டு பக்கம் போதும். எத்தனை வீடுகளுக்குச் சென்றீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எந்த நாட்களில் கேட்டீர்கள், வினாக்களின் சொற்கள் என்ன, பிழை வரம்பு எவ்வளவு, "கருத்து இல்லை" என்றவர்கள் எத்தனை பேர் என்பவை அதில் கட்டாயம் இடம்பெற வேண்டும். நிரப்பிய படிவங்களை எண்ணிட்டுக் கட்டி, சங்க அலுவலகத்திலோ கல்லூரித் துறையிலோ பாதுகாப்பாக வைத்து, அடுத்த கணக்கெடுப்பை நடத்தப் போகிறவரிடம் வினாத்தாளோடு ஒப்படையுங்கள்.